ஒல்மெக் சடங்குக் கட்டடங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மெக்சிகோவின் பழைய ஒல்மெக் நாகரிகம் என்றதும் கண்முன் வருவது கவசத் தொப்பி போட்ட பிரம்மாண்டமான கல் தலைதான். அந்தத் தலைகள் நின்ற மேடுகள், முற்றங்கள், வடிகால்கள், மூடப்பட்ட குழிகள் பற்றித் தமிழில் எழுதப்பட்டது மிகக் குறைவு. அதனால் இங்கே அவற்றுக்குத்தான் அதிக இடம்.

ஒல்மெக் மக்கள் எங்கே, எப்போது வாழ்ந்தார்கள்?

மெக்சிகோ வளைகுடாவின் தென்கரையில், இன்றைய வெராக்ரூஸ் மாநிலத்தின் தெற்கும் டபாஸ்கோ மாநிலத்தின் மேற்கும் சேர்ந்த தாழ்நிலத்தில். ஆறு, சதுப்பு, வெள்ளம், களிமண் நிறைந்த ஊர்ப்பக்கம். முதல் பெரிய மையம் சான் லொரென்சோ. அதன் உச்சகாலம் ஏறத்தாழ கி.மு. 1200 முதல் 900 வரை. அது தளர்ந்தபின் கிழக்கே லா வென்டா தலையெடுத்து, கி.மு. 900 முதல் 400 வரை கோலோச்சியது. மேற்கே த்ரெஸ் சபோத்தெஸ் என்ற மையம் அதற்குப் பிறகும் நீடித்தது.

‘ஒல்மெக்’ அவர்களே வைத்துக்கொண்ட பெயர் அல்ல. இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பின் ஆஸ்டெக் மக்கள் தங்கள் நவாட்ல் மொழியில் அந்தக் கரையோரத்தாரை ‘ரப்பர் நாட்டார்’ என்ற பொருளில் அழைத்தார்கள். ஆய்வாளர்கள் அந்தப் பெயரையே பழைய நாகரிகத்துக்கும் சூட்டிவிட்டார்கள்.

படங்களில் புல் முளைத்த மேடுதானே தெரிகிறது? கட்டடம் எங்கே?

அந்த மேடுதான் கட்டடம். ஒல்மெக் மேஸ்திரிகளின் முதன்மைப் பொருள் மண்: களிமண், வண்டல், மணல், சுடாத செங்கல். மேலே இருந்த மரம், ஓலை, மண்சுவர் எல்லாம் அந்த ஈரத்தில் மட்கிப் போய்விட்டன. மிஞ்சியது அடித்தளமும், மேட்டின் உடலும், அதற்குள் புதைத்து வைத்தவையும். மாயா நகரங்களின் சுண்ணாம்புக்கல் படிக்கட்டுகளை மனதில் வைத்துக்கொண்டு இங்கே வந்தால் ஏமாற்றம்தான் வரும். மேட்டை வெட்டிப் பார்த்தால் கேக் மாதிரி நிறம் நிறமான அடுக்குகள் தெரியும். ஒல்மெக் கட்டடக்கலையைப் படிப்பதென்றால் அந்த அடுக்குகளைப் படிப்பதுதான்.

ஏன் கல்லில் கட்டவில்லை?

பக்கத்தில் கல் இல்லை. லா வென்டா, டொனாலா ஆற்றை ஒட்டிய சதுப்புக்கு நடுவே தீவு மாதிரி நிற்கும் நிலம். சிலைக்கு ஏற்ற பசால்ட் என்ற எரிமலைப் பாறை துஸ்த்லா மலைகளில்தான் உண்டு. சான் லொரென்சோவிலிருந்து அந்த மலைக்கு நேர்க்கோட்டில் சுமார் 60 கி.மீ.; லா வென்டாவுக்கு இன்னும் தூரம். சக்கர வண்டி இல்லை, பாரம் இழுக்க மாடோ குதிரையோ அந்தக் கண்டத்திலேயே இல்லை. அப்படி வந்து சேர்ந்த கல்லைச் சுவருக்குள் வைத்து வீணாக்குவார்களா? அரியணைக்கும், அரசன் தலைக்கும், வடிகாலுக்கும், கல்லறைக்கும் மட்டும் கல். மற்றதெல்லாம் மண்.

மண்மேட்டை எப்படி எழுப்பினார்கள்? மழையில் கரையாதா?

கரையும். ஆண்டுக்கு 2,000 மி.மீ.க்கு மேல் மழை கொட்டும் பகுதி அது. அடுக்குகளை வைத்துப் பார்த்தால் வேலை நடந்த விதம் ஓரளவு புரிகிறது.

முதலில் தரையைச் சமன் செய்தார்கள். மேல்மண்ணில் வேரும் மட்கும் இருந்தால் மேடு பின்னால் உள்வாங்கும் என்பதால் அதை அகற்றுவது எந்த மண்வேலைக்கும் பாலபாடம். பிறகு கூடை கூடையாக மண் கொட்டினார்கள். வெட்டுமுகத்தில் ஒவ்வொரு கூடை மண்ணும் தனித்தனித் திட்டாகத் தெரிவதுண்டு: ஒன்று சிவப்பு, பக்கத்தில் மஞ்சள், அதன்மேல் சாம்பல். வேறு வேறு குழியிலிருந்து ஆட்கள் வரிசையாகக் கொண்டுவந்து கொட்டியதற்கு அதுவே சாட்சி.

வெறும் மணல் வழிந்து ஓடும். வெறும் களிமண் வெயிலில் வெடித்து, அடுத்த மழையில் அந்த வெடிப்பு வழியாகத் தண்ணீர் உள்ளே இறங்கும். இறங்கிய தண்ணீர் அடுக்குகளுக்கு நடுவே தங்கினால், மேலடுக்கு கீழடுக்கின்மேல் வழுக்கிச் சரியும். மண்மேடு சாவது பெரும்பாலும் இப்படித்தான். இதற்கு எதிராக மூன்று உத்திகள் தெரிகின்றன. உள்ளே கலப்பு மண், வெளியே நெருக்கமான களிமண் பூச்சு. ஓரங்களைத் தாங்கச் சுடாத செங்கல் வரிசை. மூன்றாவதுதான் முக்கியமானது: ஓயாத பராமரிப்பு. லா வென்டாவின் வடக்கு முற்றத்தில் தளத்தின்மேல் தளமாக மெல்லிய வண்ணக் களிமண் பூசிக்கொண்டே வந்திருக்கிறார்கள். அந்தப் பகுதி நான்கு பெரிய கட்டங்களாகத் திரும்பத் திரும்பக் கட்டப்பட்டது. நம் வீடுகளில் மண்தரையைச் சாணியிட்டு மெழுகியவர்களுக்கு இது சொல்லாமலே புரியும். மெழுகுவதை நிறுத்திய ஆண்டே தரை போய்விடும்.

லா வென்டா பிரமிடுக்கு எவ்வளவு மண் போயிருக்கும்?

உயரம் சுமார் 34 மீட்டர், கன அளவு ஏறத்தாழ 1 லட்சம் கன மீட்டர். உழைப்பைப் புரிந்துகொள்ள ஒரு கணக்கு போடலாம். கன மீட்டருக்கு 1.6 டன் என்று வைத்தால் 1,60,000 டன் மண். ஒரு கூடைக்கு 25 கிலோ என்றால் 64 லட்சம் கூடை. 500 பேர் நாளுக்கு ஆளுக்கு 20 நடை சுமந்தால் நாளொன்றுக்கு 10,000 கூடை. 640 வேலை நாள். மண் உலர்ந்து, விவசாய வேலை குறைந்திருக்கும் பருவத்தில் ஆண்டுக்கு 120 நாள் கிடைத்தால் ஐந்து ஆண்டுக்கு மேல் ஆகும். வெட்டுகிறவர்கள், இடித்து இறுக்குகிறவர்கள், சமைக்கிறவர்கள் இந்தக் கணக்கில் இல்லை. இது நம் கணக்குதான், அகழாய்வு முடிவு அல்ல. ஆனாலும் ஓர் உண்மை இதில் வெளிப்படுகிறது. லட்சக்கணக்கான அடிமைகள் வேண்டியதில்லை. சில ஆயிரம் குடும்பங்களைப் பருவம் தவறாமல் ஒன்றுகூட்டவும், அவர்களுக்குச் சோளமும் மீனும் கொடுக்கவும் வல்ல ஓர் ஆட்சி இருந்தால் போதும்.

அந்தப் பிரமிடு எரிமலை வடிவக் கூம்பு என்று படித்தேனே?

பழைய புத்தகங்களில் அப்படித்தான் இருக்கும். 1960களின் பிற்பகுதியில் புதரை வெட்டி அளந்தபோது, பள்ளமும் மேடுமாக மடிப்பு மடிப்பான கூம்பு தெரிந்தது. துஸ்த்லா எரிமலைகளைப் பார்த்துச் செய்த செயற்கை எரிமலை என்ற விளக்கமும் பிறந்தது. அழகான விளக்கம், அதனால்தான் இன்னும் உலவுகிறது. பின்னால் ரெபெக்கா கோன்சாலஸ் லௌக் தலைமையில் நடந்த ஆய்வில், அது மூலைகள் உள்வாங்கிய, படிப்படியான செவ்வக மேடு என்று தெரிந்தது. மடிப்புகள் இரண்டாயிரத்துச் சொச்சம் ஆண்டு மழை அறுத்த ஓடைகள். மூலையில்தான் நீர் முதலில் அரிக்கும். மூலை கரைந்த எந்த மண் பிரமிடும் கடைசியில் கூம்பாகத்தான் தெரியும். மலையைக் குறிக்கக் கட்டினார்கள் என்ற கருத்து இதனால் விழுந்துவிடவில்லை. விழுந்தது எரிமலை வடிவம் மட்டும்தான்.

பிரமிடுக்குள் கல்லறை இருக்கிறதா?

உள்ளே யாரும் இன்னும் தோண்டவில்லை. 1969-இல் காந்தமானி வைத்து அளந்தபோது உச்சிக்குக் கீழே ஒரு மாறுபாடு பதிவானது. பசால்ட்டில் காந்தத் தன்மையுள்ள தாது உண்டு; சுற்றிலும் களிமண் இருக்க, நடுவே பசால்ட் கூட்டம் இருந்தால் கருவியில் அப்படிக் காட்டும். கல்லறையாகவும் இருக்கலாம், புதைத்த சிலையாகவும் இருக்கலாம்.

லா வென்டாவின் மொத்த அமைப்பு எப்படி?

ஊர் முழுதும் ஒரே அச்சில் நிற்கிறது. அந்த அச்சு நேர் வடக்கு அல்ல, வடக்கிலிருந்து 8 பாகை மேற்கே சாய்ந்தது. தெற்கிலிருந்து நடந்தால், நீண்ட தாழ்மேடுகளுக்கு நடுவே பெரிய வெளி; அதன் கிழக்கில் ‘ஸ்டெர்லிங் அக்ரோபோலிஸ்’ என்று அழைக்கப்படும் அகன்ற மேடை; அதைக் கடந்தால் பிரமிடு. பிரமிடின் தெற்கு அடியில் செதுக்கிய நடுகற்கள். பிரமிடுக்கு வடக்கே, அதன் மறைவில், ‘ஏ தொகுதி’ எனப்படும் மூடிய முற்றம்.

தலைகள் நின்ற இடத்தையும் கவனியுங்கள். நான்கில் ஒன்று பிரமிடுக்குத் தெற்கே, பொதுவெளியில். மற்ற மூன்றும் ஏ தொகுதிக்கும் வடக்கே, ஒரே வரிசையில், வடக்கைப் பார்த்தபடி. வடக்கிலிருந்து வருபவரை முதலில் எதிர்கொள்வது அந்த மூன்று முகங்கள். தெற்குவெளியில் ஆயிரக்கணக்கானோர் கூடலாம். வடக்கு முற்றத்தில் சிலர்தான் நிற்க முடியும். யார் எதுவரை வரலாம் என்பதை மேடுகளே சொல்லிவிடுகின்றன.

ஏ தொகுதியின் ‘பெரும் படையல்’ என்பது என்ன?

ஒல்மெக் கட்டுமானத்தில் எதையாவது ஒன்றை மட்டும் தெரிந்துகொள்ள நேரம் உண்டு என்றால் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

முற்றத்தின் தென்மேற்கு மேடைக்குக் கீழே ஏறத்தாழ 15-க்கு 19 மீட்டர் பரப்பில், 7 மீட்டர் ஆழத்துக்குக் குழி வெட்டினார்கள். அதில் செர்பென்டைன் என்ற பச்சைக் கல்லின் துண்டுகளை 28 அடுக்காக, களிமண் இட்டுப் பாவினார்கள். மொத்தக் கல் சுமார் 1,000 டன். இந்தக் கல் டபாஸ்கோ சமவெளியில் கிடைக்காது. தொலைவிலுள்ள மலைகளிலிருந்து வரவேண்டும். அடுக்குகளுக்கு மேல், சுமார் 485 செதுக்கிய செர்பென்டைன் பலகைகளால் ஏறத்தாழ 4.5-க்கு 6 மீட்டர் அளவில் ஒரு வடிவத்தைப் பதித்தார்கள். இடைவெளிகளில் வண்ணக் களிமண்ணும் மணலும் நிரப்பினார்கள். வேலை முடிந்ததும், யாரும் நடந்து தேய்த்த தடயம் ஏற்படும் முன்பே களிமண்ணால் மூடி, மேலே சுடாத செங்கல்லால் மேடை கட்டிவிட்டார்கள்.

அதாவது, மூடுவதற்காகவே கட்டியது. இதே மாதிரிப் பதிகல் தளங்கள் லா வென்டாவில் மூன்று கிடைத்துள்ளன.

அளவுகளை வைத்துப் பாருங்கள். குழியின் கொள்ளளவு சுமார் 2,000 கன மீட்டர். 1,000 டன் செர்பென்டைன் கிட்டத்தட்ட 385 கன மீட்டர்தான் வரும். ஆக, குழியில் ஐந்தில் நான்கு பங்கு மண். வெட்டி எடுத்த மண்ணை அப்படியே திருப்பிக் கொட்டாமல், தேர்ந்தெடுத்த நிறங்களில் களிமண் கொண்டுவந்து நிரப்பியிருக்கிறார்கள். வெட்டும்போது மழை வந்தால் 7 மீட்டர் குழியின் சுவர் சரிந்திருக்கும். ஊற்று நீரும் கசிந்திருக்கும். ஒரே வறட்சிப் பருவத்துக்குள் வெட்டி, அடுக்கி, மூடிவிடவேண்டிய வேலை என்றுதான் எனக்குப் படுகிறது.

அந்தப் பதிகல் வடிவம் ஜாகுவார் முகமா?

முதலில் கண்டவர்கள் அப்படி நினைத்தார்கள், பெயரும் அப்படியே ஒட்டிக்கொண்டது. தலைகீழாகப் பார்த்தால் முகம் மறைந்துவிடும். நான்கு திசை, நடு, மேலே பிளவு என்று உலகின் வரைபடமாகப் பார்ப்பவர்கள் இன்று அதிகம். பிளவு என்பது ஒல்மெக் உருவங்களில் அடிக்கடி வருவது; அதிலிருந்து சோளம் முளைக்கும்.

4-ஆம் படையலில் நிற்கும் சிறு உருவங்கள் எதைக் காட்டுகின்றன?

1955-இல் ஏ தொகுதியின் முற்றத் தளத்துக்கடியில் கிடைத்தவை. ஜேட் என்ற பச்சை மணிக்கல்லிலும் செர்பென்டைனிலும் செய்த உருவங்கள் அரைவட்டமாக நிற்க, சொரசொரப்பான வேறு கல்லில் செய்த ஓர் உருவம் அவற்றுக்கு எதிரே நிற்கிறது. மொத்தம் 16. பின்னால் ஆறு நெடிய கல்கோடாரிகள் செங்குத்தாக நடப்பட்டு, முற்றத்தின் தூண்வேலியை நினைவூட்டுகின்றன.

கட்டடக்கலை நோக்கில் இதைவிடப் பெரிய செய்தி மேலே உள்ள மண்ணில் இருந்தது. இவற்றைப் புதைத்து, மேலே பல தளங்கள் பூசிய பின்பு, யாரோ சரியாக அதே இடத்தில் ஒரு குழி வெட்டி, உருவங்களின் தலை தெரியும் ஆழம் வரை இறங்கி, எதையும் எடுக்காமல் மறுபடி மூடியிருக்கிறார்கள். குழி ஒரு சாண்கூட விலகவில்லை. எங்கே எது புதைந்திருக்கிறது என்ற குறிப்பு தலைமுறை தாண்டி அங்கே இருந்திருக்கிறது.

தூண்வேலியும் கல்லறையும்?

பசால்ட் குழம்பு ஆறும்போது சில இடங்களில் தானாகவே ஐந்து, ஆறு பட்டையுள்ள தூண்களாக வெடிக்கும். செதுக்காமலேயே கிடைக்கும் தூண்கள். இவற்றைச் சுடாத செங்கல் சுவர்மேல் தோளோடு தோளாக நட்டு முற்றத்துக்கு வேலி அமைத்தார்கள். வடக்கு மேட்டில், இதே தூண்களைச் சுவராகவும் கூரையாகவும் அடுக்கி, மரக்கட்டை வீடு போன்ற கல்லறை ஒன்றைக் கட்டினார்கள். உள்ளே இளம் வயதினரின் எலும்பு மிச்சம், ஜேட் அணிகள், எல்லாவற்றின்மேலும் சாதிலிங்கச் சிவப்பு. அந்தப் புளிப்பு மண்ணில் எலும்பு தங்காது. அதனால் லா வென்டாவில் புதைக்கப்பட்டவர்களைப் பற்றி எலும்பைவிட நகைகள்தான் அதிகம் பேசுகின்றன.

சான் லொரென்சோ பீடபூமி முழுதும் செயற்கையா?

இல்லை. அடியில் இயற்கைக் குன்று. ஆனால் சுற்றியுள்ள சமவெளியிலிருந்து சுமார் 50 மீட்டர் எழும் அந்தக் குன்றின் சரிவுகளைப் படிகளாக வெட்டி, பள்ளங்களை நிரப்பி, உச்சியைச் சமப்படுத்தியது மனிதக் கை. சில இடங்களில் கொட்டிய மண் குறைந்தது 7 மீட்டர் ஆழம். 1960களில் அங்கே தோண்டிய மைக்கேல் கோ, நீண்டு நிற்கும் விளிம்புகளைப் பார்த்து, கிழக்கே பறக்கும் ராட்சதப் பறவையின் வடிவம் என்றார். பின்னால் நடந்த வேலை அதை ஆதரிக்கவில்லை. விளிம்புகள் பலவும் அரிப்பும் குடியிருப்புப் படிகளும் சேர்ந்து உருவானவை.

உச்சியில் கிடைத்த ‘சிவப்பு மாளிகை’க்கு அந்தப் பெயர் வந்தது இரும்புச்சத்து மிகுந்த சிவப்பு மணல் தளத்தால். மண்சுவர், கூரை தாங்கப் பசால்ட் தூண், படிகளுக்குப் பசால்ட் மூடுகல். பக்கத்திலேயே பழைய சிலைகளை உடைத்து மறுபடி செதுக்கிய பட்டறை. கல்லை அரசர்கள் எவ்வளவு கெட்டியாகத் தங்கள் கைக்குள் வைத்திருந்தார்கள் என்பதற்கு அந்தப் பட்டறை இருக்கும் இடமே சான்று.

கல் வடிகால் எப்படி வேலை செய்தது?

பசால்ட்டை நீளத் துண்டுகளாக எடுத்து, நடுவில் ‘ப’ வடிவத்தில் குடைந்து, முனையோடு முனை சேர்த்துப் புதைத்து, மேலே தட்டை மூடுகல் போட்டார்கள். முதன்மை வரிசை மட்டும் சுமார் 171 மீட்டர், கிளைகள் தனி. இதற்குப் போன பசால்ட் ஏறத்தாழ 30 டன். அதாவது சான் லொரென்சோவின் பெரிய கல் தலை ஒன்றுக்கு ஆகிற கல்லைவிட அதிகம்.

ஏன் இவ்வளவு செலவு? மேட்டின்மேல் விழும் மழை சரிவில் தாறுமாறாக ஓடினால், லா வென்டா பிரமிடைப் பற்றிய கேள்வியில் சொன்ன அதே ஓடைகள் மேட்டை அறுத்துவிடும். தண்ணீரை மூடிய குழாய்வழியே மேற்கு விளிம்புக்குக் கொண்டுபோய்விட்டால் மேடு பிழைக்கும். இது ஒரு கருத்து. ஆன் சைஃபர்ஸ் போன்றோர், ஊற்று நீரை உச்சியில் வாழ்ந்தவர்களுக்குக் கொண்டுவந்த கால்வாயாக இதைப் பார்க்கிறார்கள். இரண்டிலும் வாட்டம், அதாவது சரிவின் அளவு, தவறக்கூடாது. வாட்டம் குறைந்தால் வண்டல் படிந்து அடைக்கும், கூடினால் இணைப்புகளில் நீர் கசிந்து கல்லுக்கடியில் மண்ணைக் கழுவிவிடும். அந்த மண் போனால் துண்டு சாயும், வரிசையே உடையும். நீர்மட்டக் குழாய் இல்லாத காலத்தில் 171 மீட்டருக்கு வாட்டம் பிடித்தவர்களைப் பார்த்தால் மரியாதை தானாக வருகிறது.

வடிகாலின் தலைப்பக்கம் கிடைத்த 52-ஆம் சிலை, மழைத் தெய்வமாகக் கருதப்படுவது. அதன் முதுகு, வடிகால் கல்லைப் போலவே குடையப்பட்டிருக்கிறது. குழாயும் தெய்வமும் அவர்களுக்கு ஒரே வேலையின் இரு பக்கம்.

கல் தலைகளை எப்படி இழுத்தார்கள்?

இதுவரை தெரிந்தவை 17: சான் லொரென்சோவில் 10, லா வென்டாவில் 4, த்ரெஸ் சபோத்தெஸ் பக்கம் 2, லா கோபாட்டாவில் 1. உயரம் சுமார் 1.5 மீட்டரிலிருந்து 3.4 மீட்டர் வரை. சான் லொரென்சோவின் முதல் தலை 2.84 மீட்டர், ஏறத்தாழ 25 டன்.

மரச் சறுக்குத் தளத்தில் கட்டி, ஈரக் களிமண் பாதையில் இழுத்தால் எடையில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவான இழுவிசை போதும் என்று வையுங்கள்: சுமார் 7.5 டன். ஆளுக்கு 30 கிலோ இழுத்தால் 250 பேர். சமதரைக்கு இது சரி. பீடபூமிக்கு ஏற்றும்போது இது போதாது. ஆற்றில் தெப்பம் கட்டினார்கள் என்று எளிதாகச் சொல்லிவிடுவார்கள். 25 டன் கல்லை ஏற்றும் தெப்பம் ஆழம் குறைந்த இடத்தில் தரைதட்டும்; வெள்ள காலத்தில் கட்டுப்பாடு இழக்கும். கரையிலிருந்து ஏற்றும் நொடியில் ஒரு பக்கம் சாய்ந்தால் எல்லாம் போச்சு. நிலவழி, நீர்வழி இரண்டும் கலந்திருக்கலாம். பாதையின் மிச்சம் எதுவும் நம் கையில் இல்லை.

‘பலிபீடங்கள்’ என்று சொல்லப்படுபவை?

அவை அரியணைகள். தட்டையான மேற்பலகை, முன்பக்கம் ஒரு குகை மாடம், அதற்குள்ளிருந்து வெளிவரும் மனிதன். 1970 வாக்கில் டேவிட் குரோவ், குவெரெரோ மாநிலத்தின் ஒக்ஸ்டோடிட்லான் குகை ஓவியத்தில் ஓர் ஆட்சியாளர் இதே மாதிரிப் பீடத்தின்மேல் அமர்ந்திருப்பதைக் கவனித்துச் சொன்னார். பழைய பெயர் அருங்காட்சியகப் பலகைகளில் இன்னும் உண்டு. ‘லா வென்டா பலிபீடம் 4’ என்று கண்டால் அரியணை என்றே வாசியுங்கள்.

சில கல் தலைகளின் பக்கவாட்டில் அரியணை மாடத்தின் மிச்சம் தெரிகிறது. அரசன் அமர்ந்த கல்லையே, அவன் காலத்துக்குப் பின் அவன் முகமாகச் செதுக்கியிருக்கலாம் என்பது ஜேம்ஸ் போர்ட்டர் முன்வைத்த கருத்து. மறு செதுக்குப் பட்டறை கிடைத்த பிறகு அதற்கு வலு கூடியது.

சிலைகளை உடைத்தது யார்? கலகமா?

கலகம் என்றார் கோ. அரசன் இறந்ததும் அவன் கல்லின் ஆற்றலை அடக்கும் சடங்கு என்றார் குரோவ். மறுபயன்பாட்டுக்கு உடைத்தது என்பது மூன்றாவது. எல்லா உடைப்புக்கும் ஒரே காரணம் தேடுவதுதான் தவறு. சீரான குழிகள், வெட்டி எடுத்த மூலை என்றால் மறுபயன்பாடு. முகம் மட்டும் சிதைந்து உடல் முழுதாக இருந்தால் வேறு நோக்கம். லா வென்டாவில் நவீன காலச் சேதமும் சேர்ந்திருக்கிறது: எண்ணெய் எடுக்க எழுந்த குடியிருப்பும் விமான ஓடுபாதையும் மேடுகளைத் தின்றன.

கட்டடம் எழுவதற்கு முன் சடங்கு எங்கே நடந்தது?

நீரூற்றுகளில். சான் லொரென்சோவுக்குத் தென்கிழக்கே, எல் மனாத்தி குன்றின் அடிவாரச் சேற்றில் கி.மு. 1600 அளவிலேயே ஜேட் கோடாரிகளும் ரப்பர் பந்துகளும் படைத்திருக்கிறார்கள். பிற்காலத்தில் மரத்தில் செய்த மார்பளவுச் சிலைகள், குழந்தைகளின் எலும்புகள். காற்றுப் புகாத சேறு என்பதால் மரமும் ரப்பரும்கூடத் தப்பின. மலை, அடியில் ஊற்று, அதில் படையல். இந்த மூன்றையும் பின்னால் சமவெளியில் கையால் கட்டினார்கள்: பிரமிடு, வடிகால், படையல் குழி.

அகுவாடா ஃபெனிக்ஸ் ஒல்மெக்கா?

டபாஸ்கோவின் கிழக்கில், மாயா பகுதியில் உள்ளது. 2020-இல் அறிவிக்கப்பட்டது: 1,400 மீட்டர் நீளம், சுமார் 400 மீட்டர் அகலம், 10 முதல் 15 மீட்டர் உயர மண்மேடை, காலம் கி.மு. 1000 முதல் 800. விமானத்திலிருந்து லேசர் ஒளியால் நிலத்தை அளக்கும் லைடார் மூலம் இதேபோன்ற 478 வளாகங்கள் அப்பகுதியில் தெரியவந்தன. சான் லொரென்சோவின் விளிம்பிலும் 20 மேடைகள் கொண்ட அமைப்பு ஒன்று இருந்தது அப்போதுதான் கவனத்துக்கு வந்தது. 20 என்பது அவர்களது நாட்காட்டியின் அடிப்படை எண். அப்பகுதியின் பிற்கால நாகரிகங்கள் எல்லாவற்றுக்கும் ஒல்மெக்தான் தாய் என்ற பழைய வாதம் இதனால் சிக்கலாகிவிட்டது. பல ஊர்கள் ஒன்றையொன்று பார்த்துக் கட்டிய காலம் அது.

ஆப்பிரிக்கா, எகிப்து தொடர்பு உண்டா?

இல்லை. உதடு, மூக்கு வடிவத்தை வைத்துச் சொல்லப்பட்ட கதை அது. அதே முக அமைப்பு இன்றும் வெராக்ரூஸ், டபாஸ்கோ ஊர்களில் உண்டு. ஆப்பிரிக்கப் பொருள் ஒன்றுகூட எந்த ஒல்மெக் அடுக்கிலும் கிடைக்கவில்லை. எகிப்தின் முதல் படிப் பிரமிடு லா வென்டாவுக்கு ஆயிரத்தைந்நூறு ஆண்டுக்கு மேல் முந்தியது. அது கல், இது களிமண்.

எங்கே போய்ப் பார்க்கலாம்?

லா வென்டாவில் மேடுகள் உண்டு, சிலைகள் பெரும்பாலும் பிரதிகள். அசல்கள் பல வில்லாஎர்மோசா நகரின் லா வென்டா பூங்கா அருங்காட்சியகத்தில். 1958-இல் கவிஞர் கார்லோஸ் பெய்யிசெர் முயற்சியால் திறக்கப்பட்டது. பதிகல் தளம், தூண் கல்லறை இரண்டும் அங்கே. ஹலாப்பா மானுடவியல் அருங்காட்சியகத்தில் சான் லொரென்சோ தலைகள் ஏழு. 4-ஆம் படையல் மெக்சிகோ நகரத்துத் தேசிய அருங்காட்சியகத்தில். மிகப் பெரிய தலை சாந்தியாகோ துஸ்த்லா ஊர்ச் சதுக்கத்தில், கட்டணமின்றி. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை போனால் சேறு குறைவு.

பள்ளிக்கு லா வென்டா மாதிரி செய்ய வேண்டும். அளவுகள்?

1:500 அளவில் செய்யுங்கள். பிரமிடின் உயரம் 6.8 செ.மீ.; அடிப்பக்கம் சுமார் 130 மீட்டர் என்பதால் 26 செ.மீ. பலகையில் முதலில் வடக்குக் கோடு வரைந்து, அதிலிருந்து 8 பாகை இடப்பக்கம் சாய்த்து அச்சுக்கோடு போடுங்கள். எல்லா மேடும் இந்த இரண்டாவது கோட்டைத்தான் பின்பற்ற வேண்டும். பெரும்பாலான மாதிரிகள் தவறுவது இங்கேதான். பிரமிடைக் கூம்பாக்க வேண்டாம். படிகளும் உள்வாங்கிய மூலைகளும் வையுங்கள்.

களிமண்ணை ஒரேயடியாக அப்பினால் உலரும்போது வெடிக்கும். ஒரு செ.மீ. அடுக்காக, ஒவ்வொன்றும் பாதி காய்ந்தபின் அடுத்ததை வையுங்கள். மூன்றில் ஒரு பங்கு மணல் கலந்தால் வெடிப்பு குறையும். கடைசியில் தென்மேற்கு மேடையின் ஓரத்தைக் கத்தியால் நெட்டுக்கு அறுத்து, உள்ளே 3-க்கு 3.8 செ.மீ. பரப்பும் 1.4 செ.மீ. ஆழமும் உள்ள குழியைக் காட்டுங்கள். அதன் அடியில் பச்சை அடுக்குகள், அதற்கு மேல் பதிகல் தளம், அதன்மேல் வண்ணக் களிமண். பார்வையாளர் பக்கம் அந்த வெட்டுமுகம் இருக்கட்டும்.